தேசிங்கு ராஜன் யாருடைய ராஜா?

மரக்காணத்து உப்பளங்களை விட்டுத் திண்டிவனம் சாலையில் மேற்கே வந்தால் பிரம்மதேசம். இன்னும் மேற்கே போனால் திண்டிவனம். அதற்கும் அப்பால் வானத்தில் கருங்கற்களைக் குவித்து வைத்தாற்போல நிற்கிறது செஞ்சி மலை. இந்த வட்டாரத்தில் உப்பு வாருகிறவனும் ஏர் பிடிக்கிறவனும் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. அதுதான் தேசிங்கு ராஜன் கதை. கூத்து மேடையில் ஆடினார்கள், பெரிய எழுத்துப் புத்தகமாய்த் திருவிழாக் கடைகளில் விற்றார்கள், 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாகவும் வந்தது.

தமிழன் இத்தனை உருக்கத்தோடு பாடிய அந்த மன்னன் தமிழனா? இல்லை. வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரன். அவன் உண்மைப் பெயர் தேஜ்சிங். செஞ்சியை ஆண்டது சுமார் பத்து மாதம். மாண்டபோது வயது இருபத்திரண்டு. அப்படியிருக்க, நம் பாமர மக்கள் அவனை ஏன் நெஞ்சில் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவது இன்று அவசியமாகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்வோம்.

செஞ்சிக்கு எசமானர்கள் பலர். ஆனந்தக் கோன் என்னும் ஆயர் குலத் தலைவன் கோட்டைக்கு அடிகோலினான் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் விஜயநகரத்து நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள். 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-ல் பிடித்தான். இராஜாராம் தப்பிப் போனார்.

அந்த முகலாயச் சேனையோடு வந்தவர்தான் சொரூப்சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர். 1700-ல் ஔரங்கசீப் அவரைச் செஞ்சிக் கோட்டையின் கில்லேதாராக்கி, ஜாகீரும் கொடுத்தார். ஜாகீர் என்றால் என்ன? இன்ன ஊர்களின் வரியை நீ வசூலித்துக்கொள், அதற்கு ஈடாகக் கோட்டையைக் காத்துப் படை வைத்துக்கொள் என்று டில்லி கொடுக்கும் உரிமை. நிலம் உழவனுடையது, வியர்வை உழவனுடையது, விளைச்சலின் மேல் உரிமைச் சீட்டு மட்டும் எங்கோ இருக்கிற பாதுஷாவுடையது! கூடலூரில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனியோடும் சொரூப்சிங் மோதினார். ஊர்களின் வருமானத்தை ஒட்டி எழுந்த பூசல் அது. 1710, 1711 ஆண்டுகளில் கைகலப்பு வரை போயிற்று.

1707-ல் ஔரங்கசீப் மறைந்தார். டில்லி ஆட்டம் கண்டது. ஏழாண்டுக்குள் அரியணை கைமாறி, பரூக்சியர் பாதுஷாவானார். தெற்கே ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் தன் கையை ஓங்கச் செய்துகொண்டிருந்தார். 1714-ல் சொரூப்சிங் இறந்தார். ஆர்க்காட்டுக்குச் சேர வேண்டிய பாக்கி பல ஆண்டுகளாய்ச் செலுத்தப்படவில்லை என்றார் நவாபு. அந்தப் பாக்கி 70 இலட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

தந்தையின் முடிவறிந்து புந்தேல்கண்டிலிருந்து இளம் மனைவியோடு வந்தான் தேஜ்சிங். வந்தவன் யாரையும் கேளாமல் அதிகாரத்தை ஏற்றான். அவன் வாதம் எளியது: ஔரங்கசீப் என் தந்தைக்குக் கொடுத்தார், தந்தைக்குப் பின் மகன். நவாபின் வாதமும் எளியது: கொடுத்த பாதுஷா போய்விட்டார், புதிய பாதுஷாவின் ஃபர்மான் எங்கே? முகலாயர் வழக்கப்படி ஜாகீர் தானாக மகனுக்கு இறங்கும் சொத்தல்ல. ஆனால் வலுத்தவன் கைக்கு வந்ததெல்லாம் பரம்பரைச் சொத்தாகிக்கொண்டிருந்த காலம் அது. நவாபு மட்டும் என்ன, தன் பதவியைத் தன் குடும்பச் சொத்தாக்கிக்கொள்ளாமலா இருந்தார்?

இந்த இரண்டு வாதத்திலும் செஞ்சிச் சீமையின் குடியானவனுக்கு இடம் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வரியை யார் எடுத்துச் செல்வது என்பதுதான் வழக்கு. எவ்வளவு எடுப்பது, எடுத்து யாருக்குச் செலவிடுவது என்பது வழக்கே அல்ல!

நவாபின் பெரும்படை வந்தது. தேசிங்கிடம் இருந்ததோ சில நூறு பேர். அவனுடைய உயிர்த்தோழன் மகமத்கான், மணக்கோலத்தில் இருந்தவன், செய்தி கேட்டுத் திருமணத்தை விட்டுவிட்டுக் குதிரை ஏறினான் என்று கதை பாடுகிறது. சிங்கவரம் அரங்கநாதரிடம் தேசிங்கு விடை கேட்டபோது, போக வேண்டாம் என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றும் சொல்வார்கள். கல் முகத்தைத் திருப்பியதோ இல்லையோ, காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது மெய். டில்லியின் நிழலில் நின்ற ஜாகீர்தாரனுக்கு, அந்த நிழல் சுருங்கியபோது ஒதுங்க இடம் இல்லை.

1714 அக்டோபர் 3-ம் நாள் போர் நடந்தது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். அதைக் கடந்து போய்ப் பாய்ந்தான் தேசிங்கு. மகமத்கான் மாண்டான். தேசிங்கும் மாண்டான். செஞ்சியில் செட்டிகுளத்துக் கரையில் அவன் உடல் எரிந்தது. அதே தீயில் அவன் இளம் மனைவியும் இறங்கினாள். அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பார்கள். ஊருக்குப் பெயர் சூட்டி என்ன பயன்? வாழ வேண்டிய பெண்ணை நெருப்பில் ஏற்றிய வழக்கத்தைப் பெருமை என்று பாட நமக்கு மனம் வரவில்லை. கதையில் நாம் தள்ள வேண்டியது அது.

கொள்ள வேண்டியது எது? தமிழ் மக்கள் தேர்ந்தெடுத்துப் பாடியதைப் பாருங்கள். ஃபர்மானைப் பாடவில்லை, பாக்கிக் கணக்கைப் பாடவில்லை, ராஜபுத்திரக் குலப்பெருமையைக்கூட ஊறுகாயாகத்தான் தொட்டுக்கொண்டார்கள். அவர்கள் பாடியது இந்துத் தேசிங்குக்காக முஸ்லிம் மகமத்கான் உயிர் கொடுத்ததை! எதிரே நின்ற நவாபும் முஸ்லிம். ஆயினும் அந்தப் போரை மதப்போராக நம் மக்கள் ஒருநாளும் பாடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தக் கூத்துக் கலைஞர்கள் எத்தனை தெளிவாக இருந்தார்கள்!

இதை இன்று நினைவூட்டுவானேன்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மராட்டியப் படைத்தலங்கள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள். அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. மகிழ்ச்சிதான். ஆனால் தலைப்பு ஒரு வம்சத்தின் பெயரைத் தாங்கியிருப்பதால், கோட்டையே ஒரு வம்சத்துக்குச் சொந்தம் என்று பேசக் கிளம்புகிறவர்களைக் கண்டு நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கோனும் நாயக்கனும் சுல்தானும் மராட்டியனும் முகலாயனும் புந்தேலனும் வந்தார்கள், போனார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கல் சுமந்தவனும் நெல் அளந்தவனும் மட்டுமே போகாமல் இங்கேயே இருந்தவர்கள்.

ஜாகீர்கள் ஒழிந்தன. 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்து ஜமீன்களும் ஒழிந்தன. 1971-ல் மன்னர் மானியமும் ஒழிந்தது. தேசிங்கின் ஃபர்மான் செல்லாச் சீட்டாகி மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மகமத்கானின் நட்பு மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது. செஞ்சி மலையேறும் நம் பிள்ளைகளுக்கு மன்னர்களின் பட்டியலைச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு அந்த இரண்டு நண்பர்களையும், அவர்களை மறக்காமல் பாடிய நம் ஏழை மக்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோட்டை அப்போதுதான் நம்முடையதாகும்.