எலும்புக்குள் ஓர் எஃகு ஆணி

தொடை எலும்பு முறிந்தவன் இரண்டு மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது ஒரு காலத்தில் மருத்துவ உலகின் விதி. அவ்விதியை மாற்றியவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். எலும்பு மருத்துவர்களிடையே புகழ்பெற்ற அப்பெயரை நம் கல்லூரி நண்பர்களும் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இதனை எழுதுகிறேன்.

1900ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஸ்விக்காவு நகரில் பிறந்த அவர், யேனாவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1930 முதல் கீல் பல்கலைக்கழக அறுவை மருத்துவமனையில் பணியாற்றினார்.

தொடை எலும்பு முறிந்தால், சுற்றியுள்ள பெருந்தசைகள் முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துவிடும். அதைத் தடுக்கக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, நோயாளியை மல்லாந்து படுக்க வைப்பார்கள். எலும்பு கூடுவதற்குள் முதுகில் புண் வரும்; முழங்கால் மடங்காது; முதியவர்க்கோ நுரையீரலில் சளி கட்டி உயிரே போகும். எங்கள் தாத்தா நாட்டு வைத்தியர் ஒருவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு பிழைத்தார். ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது.

எலும்பு மூங்கிலைப் போல உள்ளே குழாயாக இருக்கிறதே, அதற்குள்ளேயே ஓர் உலோகத் தண்டைச் செலுத்தினால் என்ன? இதுதான் குன்ட்ஷரின் எண்ணம். இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்தில் ஆணி அடிக்கும் முறையை அமெரிக்கரான ஸ்மித் பீட்டர்சன் முன்பே கண்டிருந்தார். குன்ட்ஷர் அதை எலும்பின் நீளம் முழுவதற்கும் கொண்டு சென்றார். எர்ன்ஸ்ட் போல் என்னும் கருவி வல்லுநர் அவருக்கு ஆணி செய்து கொடுத்தார். முறிந்த இடத்தைக் கீறித் திறக்காமல், இடுப்புப் பக்கத்தில் சிறிது கீறி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே மேலிருந்து ஆணியை இறக்குவதுதான் இம்முறையின் நுட்பம். விலங்குகளிடம் சோதித்தபின், 1939 நவம்பரில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவருக்கு முதன்முதலாக இதைச் செய்தார்.

1940இல் பெர்லினில் அறுவை மருத்துவர் மாநாட்டில் இதை அவர் எடுத்துரைத்தபோது பாராட்டா கிடைத்தது? கண்டனமே மிகுதி! இரத்தம் ஊறும் மஜ்ஜைக்குள் இரும்பை நுழைப்பதா என்று மூத்தோர் சினந்தனர். அவர்களது அச்சம் முற்றிலும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து மெய்யானதே. ஆயினும் பிழைத்து நடந்தவர்கள் பெருகினார்கள்.

பின்னர் அவர் ஹிட்லரின் படையில் மருத்துவராகி, பின்லாந்து வரை சென்றார். அங்குள்ள மருத்துவர்களும் அவரிடம் இம்முறையைக் கற்றனர். போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து திரும்பிய நேசநாட்டுக் கைதிகள் சிலரின் தொடையில் நீண்ட உலோகத் தண்டு இருப்பதை எக்ஸ்ரேயில் கண்ட அவர்கள் நாட்டு மருத்துவர்கள் திகைத்தனர். எதிரியின் கண்டுபிடிப்பு இவ்வாறு எதிரிகளின் காலிலேயே ஏறி எல்லை கடந்தது!

இரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலையில், என் பெரியப்பாவை மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியபோது, புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடலாம் என்றார் பாட்டி. அறுவை சிகிச்சைதான் என்றார் அப்பா. வீட்டில் ஓர் இரவு முழுவதும் வாக்குவாதம். முடிவில் தாத்தாவின் குட்டைக் காலை நினைவூட்டிப் பெரியம்மாவே அறுவைக்கு இசைந்தார். நான்காம் நாள் வாக்கர் பிடித்து எழுந்து நின்றார் பெரியப்பா. எக்ஸ்ரேயில் தண்டின் இரு முனைகளிலும் குறுக்குத் திருகுகள் தெரிந்தன. எலும்பு பல துண்டுகளாக நொறுங்கினால் வெறும் தண்டு போதாது, கால் திருகிக்கொள்ளும், குறுகும். அதைத் தடுப்பவை அத்திருகுகள். அந்தக் குறுக்குத் திருகு முறைக்கும் 1960களின் இறுதியில் அடிகோலியவர் குன்ட்ஷரே; பிறர் அதைச் செம்மைப்படுத்தினர்.

1957 முதல் ஹாம்பர்க் துறைமுக மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, 1965இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1972 டிசம்பரில், தம் ஆணி முறை பற்றிய நூலைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எழுதும் மேசையிலேயே அவர் உயிர் பிரிந்தது.