காமராசர்: துணிக்கடையும் கதராடையும்

விருதுநகர்க் கடைவீதி வாணிகத்தாற் பேர்பெற்றது. பருத்தியும் மிளகாயும் பருப்பும் எண்ணெயும் விலைபேசப்படும் அவ்வூரில், 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் காமராசர். அப்பெருந்தகையின் அரசியல் வரலாற்றைப் பலர் விரித்தெழுதியுள்ளனர். நாம் ஈண்டு அவர் உடுத்த ஆடையொன்றையே பற்றிக்கொண்டு அவர்தம் வாழ்க்கையை நோக்கப் புகுகின்றோம்.

காமராசர் சிறுவராயிருந்த காலத்தே தந்தையார் மறைந்தார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பொருளை வணிகரிடம் ஒப்படைத்து, அதன் வட்டியைக்கொண்டு இல்லறத்தை நடத்தினார். ஊர் வணிகர் பொருளுதவியால் நடைபெற்ற க்ஷத்திரிய வித்தியாசாலையிற் பயின்ற சிறுவர், ஆறாம் வகுப்போடு கல்வியை விடுத்துத் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் அமர்ந்தார். கைம்பெண்ணாகிய தாய்க்கும் தங்கை நாகம்மாளுக்கும் அக்கடையே எதிர்கால நம்பிக்கையாய் இருந்தது. ஆதலின், பின்னர் அவர் அக்கடையை விட்டெழுந்தது எளிய செயலன்று என்பதனை நாம் மறத்தலாகாது.

துணிக்கடை ஒரு பள்ளிக்கூடமேயாம். எத்துணி விரைவில் விலையாகும், எது மடிப்புக் கலையாமல் அலமாரியில் உறங்கும் என்பதனை அங்கு அமர்ந்தவன் சின்னாளிற் கற்றுக்கொள்வான். அக்காலத்தில் மான்செஸ்டர் ஆலைத்துணியும் பம்பாய், அகமதாபாத் ஆலைத்துணியும் கடைகளை நிறைத்திருந்தன. அவை மெல்லியன, ஒரே அகலமும் ஒரே நெசவும் உடையன, மொத்த வணிகர் அவற்றைக் கடனாகவும் கொடுத்தனர். கதரோ முரடானது, நூல் ஓரிடத்துப் பருத்தும் ஓரிடத்து மெலிந்தும் இருக்கும், விலையும் மிகுதி. முதல் முடங்குமென்று அஞ்சிய கடைக்காரர் அதனை வாங்கத் தயங்கியது இயல்பே. அவரைத் தேசப்பற்று அற்றவர் என இகழ்வது எளிது. அவர்தம் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே நேர்மை.

1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை இளைஞர் உள்ளத்தைக் கொதிப்பித்தது. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், விருதுநகருக்கு அணித்தாகிய மதுரையில், காந்தியடிகள் தம் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். காமராசரின் மனமும் கடையை விட்டுப் பொதுக்கூட்டங்களை நாடிற்று. உறவினர் அஞ்சி அவரைத் திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். ஆண்டும் வைக்கம் போராட்டம் அவரை ஈர்த்தது. மீட்டும் ஊர்திரும்பியவர் வாணிகத்தின்பாற் செல்லவில்லை, மணமும் செய்துகொள்ளவில்லை.

இனி, கடைக்காரர் வாங்கத் தயங்கிய கதர் மக்கள் கையை எங்ஙனம் அடைந்தது? 1925ஆம் ஆண்டு அகில இந்தியச் சர்க்கா சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டில் அதன் பணிக்குத் திருப்பூர் நடுவிடமாயிற்று. சங்கம் நூற்போரிடம் நூலைப் பெற்று, நெசவாளரிடம் கொடுத்து, நெய்த துணியைத் தன் சொந்த வஸ்திராலயங்களில் விற்றது. தனி வணிகருக்கும் நற்சான்று அளித்து விற்க இடந்தந்தது. நற்சான்று இல்லையேல் ஆலைநூற் றுணியும் கதரென்னும் பெயரால் விலையாகிவிடும். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் தமிழ்நாட்டில் கதருக்காகச் சுற்றுப்பயணம் செய்து நிதி திரட்டினார். இவை யாவும் செய்தும், கதரை நிலைநிறுத்தியவர் அதனை நாடோறும் உடுத்த தொண்டரே. வாங்குவோர் உறுதியாயின் விற்போர் தாமே வருவர் என்பது துணிக்கடையில் இருந்தவர் அறியாததன்று. காமராசர் வாழ்நாள் முழுதும் கதரே அணிந்தார்.

அவர்தம் சிறைவாழ்வு 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கி, பலமுறையாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டு நீண்டது. 1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்வுற்றார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். விடுதலையுற்றபின், முழுநேரமும் உழைக்க இயலாத பதவியைத் தாங்குதல் தகாதெனக் கருதி அதனைத் துறந்தார். விற்க இயலாச் சரக்கை வாங்கி வையாத வணிகரின் நேர்மை இதில் விளங்குகின்றது.

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் முதலமைச்சரானார். பள்ளிச் சிறார்க்கு மதிய உணவு அவர் ஆட்சியிற் பரவியது. ஆறாம் வகுப்போடு நின்றவர் ஊர்தோறும் பள்ளி திறந்தார். கதர், கிராமத் தொழில் வாரியத்திற்கான சட்டம் 1959இல் அவர் ஆட்சியிலேயே இயற்றப்பட்டது. எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. வாரியமும் தள்ளுபடியும் தாங்காமல், தனித்து நின்று ஆலைத்துணியை வெல்லும் ஆற்றல் கதருக்கு வாய்க்கவில்லை. அவர் ஆட்சியில் ஆலைகளும் பெருகின. ஏழைக்கு மலிந்த துணியும் வேண்டும். நூற்போர்க்குக் கூலியும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவிப்பது அன்றும் அரிது, இன்றும் அரிது. சிறு தறியில் நெய்த துணியைப் பெருங்கடையில் வைக்க முயலும் இளைஞர் இதனை நன்கறிவர்.

1963இல் பதவியைத் தாமே துறந்தார். 1967ஆம் ஆண்டு தேர்தலில், தாம் பிறந்த விருதுநகரிலேயே, மாணவர் தலைவர் ஒருவரிடம் தோல்வியுற்றார். தோல்வியை அமைதியோடு ஏற்றார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் உயிர்நீத்தார். எஞ்சியவை சில கதராடைகளும் நூல்களும் சிறு தொகையுமே.

அந்நாள் காந்தியடிகள் பிறந்த நாளுமாம். ஆண்டுதோறும் அந்நாளையொட்டிக் கதர்க்கடைகளில் தள்ளுபடி விற்பனை தொடங்குகின்றது. அன்று ஒரு கதர்த்துண்டேனும் வாங்கும்போது, மாமன் கடையில் முழக்கோல் பிடித்திருந்து, பின் எழுந்து சென்ற அவ்விளைஞரை நாம் நினைப்போமாக. கடையிலிருந்து அவர் தமக்கெனப் பொருள் சேர்த்திலர். ஆயினும் எவருக்கும் கடன் வையாது வாழ்ந்து சென்றார்.