மூன்று காசு ஆபராவும் குர்ட் வைலும்

'மேக் தி நைஃப்' பாட்டைக் கேட்காமல் அமெரிக்காவில் காலம் தள்ளுவது கஷ்டம். லூயி ஆம்ஸ்ட்ராங் 1955-இலும் பாபி டாரின் 1959-இலும் பாடிப் பிரபலப்படுத்திய பாட்டு. துள்ளலான மெட்டு, ஆனால் விஷயம் ஒரு கொலைகாரனின் குற்றப்பட்டியல். நம் ஊர்ச் சந்தைகளில் முன்பு பாடி விற்ற கொலைச்சிந்தைப் போல ஜெர்மனியிலும் ஒரு வகை இருந்தது. கையால் சுற்றும் இசைப்பெட்டியின் துணையோடு பாடுவார்கள். அந்த வகையில் இதற்கு மெட்டுப் போட்ட குர்ட் வைல், பாட்டு அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டபோது உயிரோடு இல்லை.

வைல் 1900 மார்ச் 2 அன்று ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில், யூதக் கோயில் பாடகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெர்லினில் புஸோனியிடம் இசையமைப்புப் பயின்றார். 1926-இல் நடிகை லோட்டெ லென்யாவை மணந்தார். சாஸ்திரிய இசை உலகம் இவரிடம் நிறைய எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெர்ட்டோல்ட் பிரெக்டுடன் சேர்ந்தார்.

ஜான் கேயின் 1728-ஆம் ஆண்டு ஆங்கில நாடகமான 'பிச்சைக்காரர் ஆபரா'வை எலிசபெத் ஹாப்ட்மன் ஜெர்மனில் மொழிபெயர்த்திருந்தார். அதை அடிப்படையாக வைத்துப் பிரெக்டும் வைலும் உருவாக்கியதுதான் 'மூன்று காசு ஆபரா'. வருமானப் பங்கீட்டில் பிரெக்டுக்கு 62.5 சதவீதம், வைலுக்கு 25, ஹாப்ட்மனுக்கு 12.5. இசையை எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஹாப்ட்மனுக்கு நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஒத்திகைக் காலம் முழுக்கத் தொல்லைதான். கதாநாயகியாக நடிக்கவிருந்த கரோலா நெஹரின் கணவர் இறந்துபோக, வேறு நடிகையைத் தேட வேண்டியதாயிற்று. கதாநாயகன் பவுல்சன் தன் வருகைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் கடைசி நேரத்தில் எழுதிச் சேர்த்ததே அந்தக் கொலைப் பாட்டு. அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் லென்யாவின் பெயர் விடுபட்டிருந்தது. சாதுவான வைல் அன்றைக்கு மேடைக்குப் பின்னால் கத்தித் தீர்த்தாராம். 1928 ஆகஸ்ட் 31 அன்று ஷிஃப்பவர்டாம் அரங்கில் திரை விலகியது. முதலில் சபை உம்மென்று இருந்தது. 'பீரங்கிப் பாட்டு' வந்ததும் மறுபடி பாடச் சொல்லிக் கூச்சலிட ஆரம்பித்தவர்கள் அப்புறம் ஓயவில்லை.

வாத்தியக்காரர்கள் ஏழே பேர். ஆளுக்குப் பல வாத்தியங்கள். சாக்ஸபோன், பாஞ்சோ, ஆர்மோனியம் எல்லாம் கலந்த அந்தக் கரகரப்பான ஒலிதான் இதன் உயிர் என்பது என் எண்ணம். பெரிய வாத்தியக்குழுவை வைத்து இதை வாசித்தால் சேட்டுக் கல்யாண பேண்டு மாதிரி ஆகிவிடும். 1933 ஆரம்பத்திற்குள் 18 மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் மேடையேறியிருந்தது.

பிறகு ஹிட்லர் வந்தார். 1933 பிப்ரவரி 18 அன்று வைலின் 'வெள்ளி ஏரி' மூன்று நகரங்களில் ஒரே நாளில் அரங்கேறியது. மார்ச் மாதக் கடைசியில் அவர் நண்பர்களின் காரில் பாரிசுக்குத் தப்பிக்கொண்டிருந்தார். அவருடைய இசை ஜெர்மனியில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று நியூயார்க் எம்பயர் தியேட்டரில் 'மூன்று காசு ஆபரா' ஆங்கிலத்தில் மேடையேறி, 12 காட்சிகளோடு மூட்டை கட்டியது. சொந்த நாட்டில் தடை, போகவேண்டிய நாட்டில் தோல்வி, இரண்டும் சில வாரங்களுக்குள்.

1935 செப்டம்பரில் லென்யாவோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். 1933-இல் விவாகரத்துச் செய்துகொண்ட இருவரும் 1937-இல் மறுபடி மணந்துகொண்டார்கள். வைல் பழைய வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக அலையவில்லை. வீட்டில்கூட ஆங்கிலமே பேசினார். பிராட்வேயின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு 'லேடி இன் தி டார்க்' (1941), லாங்ஸ்டன் ஹியூஸின் பாடல்களோடு 'ஸ்ட்ரீட் சீன்' (1947), தென்னாப்பிரிக்கக் கதையான 'லாஸ்ட் இன் தி ஸ்டார்ஸ்' (1949) என்று ஏறக்குறைய புதிய ஆளாகவே எழுதினார். 1943-இல் குடியுரிமை பெற்றார். 1947-இல் லைஃப் பத்திரிகை ஜெர்மன் இசையமைப்பாளர் என்று குறிப்பிட்டபோது, தான் அமெரிக்கர் என்று திருத்தி ஒரு கடிதம் எழுதினார். அந்த வருடமே பாலஸ்தீனத்தில் இருந்த பெற்றோரைப் பார்க்கப் போனவர் வழியில் லண்டன், பாரிஸ் எல்லாம் எட்டிப் பார்த்தார். ஜெர்மனியில் கால் வைக்கவில்லை.

பெர்லின் வைல் கலைஞர், பிராட்வே வைல் வியாபாரி என்று விமர்சகர்கள் பல காலம் பிரித்துப் பேசினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய ஊரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்களையும் அதை மறந்துபோனவர்களையும் இங்கே நாம் தினமும் பார்க்கிறோம். வைல் இரண்டிலும் சேராதவர். பெர்லினில் கொலைச்சிந்தை எடுத்த அதே ஆள்தான் நியூயார்க்கில் ப்ளூஸை எடுத்தார்.

இனி மார்க் பிளிட்ஸ்டைன். இளம் வயதில் வைலின் இசையை மட்டமாக எழுதியவர், பின்னால் மனம் மாறி ரசிகரானவர். 1950 தொடக்கத்தில் 'மூன்று காசு' பாட்டு ஒன்றை ஆங்கிலமாக்கி, தொலைபேசியில் வைலுக்கே பாடிக் காட்டினார். வைலுக்குப் பிடித்துப்போய், முழுவதையும் செய்யச் சொன்னார். சில மாதங்களில், ஏப்ரல் 3 அன்று, வைல் மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பதுதான். 'ஹக்கிள்பெரி ஃபின்' கதைக்கான பாட்டுகள் பாதியில் நின்றன.

பிளிட்ஸ்டைனின் மொழிபெயர்ப்பு 1952-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த முதலில் கச்சேரியாக அரங்கேறியது. 1954 மார்ச் 10 அன்று கிறிஸ்டோபர் தெருவில், முன்னூறு பேர்கூட உட்கார முடியாத தெ லிஸ் அரங்கில் நாடகமாக வந்தது. 26 வருடத்துக்கு முந்தைய அதே ஜென்னி பாத்திரத்தில் லென்யா. வார்த்தைகள் மாறின; வைல் எழுதிய இசை மாறவில்லை. இதைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். என் தொழிலில் ஒரு நிரலை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகும்போது எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதே பாதி வேலை.

96 காட்சிகள் ஆனதும் வேறு நாடகத்துக்காக அரங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1955 செப்டம்பரில் திரும்பி வந்த நாடகம் 1961 டிசம்பர் வரை, 2,600 காட்சிகளுக்கும் மேல் ஓடியது. லென்யாவுக்கு 1956-இல் டோனி விருது கிடைத்தது. அவர் 1981 வரை வாழ்ந்து வைலின் பெர்லின் பாட்டுகளையும் அமெரிக்கப் பாட்டுகளையும் பாடிக் காப்பாற்றினார்.

நியூயார்க்குக்கு வடக்கே ஹேவர்ஸ்ட்ரா கல்லறையில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள். வைலின் கல்லில் இசைக்குறிப்புடன் பொறித்திருப்பது 'லாஸ்ட் இன் தி ஸ்டார்ஸ்' பாட்டு ஒன்றிலிருந்து.