பித்தளை ஸ்டவ்வும் ஏபெல் தாத்தாவும்

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான் குவியலைக் கிளறியிருக்கீங்களா? என் ரூம்மேட் கிளறினான். ஒரு பித்தளை பம்பு ஸ்டவ் கிடைத்தது. வாஷர் மாற்றி, பின் குத்தி, பளபளன்னு தேய்த்தும் வைத்துவிட்டான். ட்ரெக்கிங் போகும்போது அதில்தான் டீ போடணுமாம். ஆனால் மண்ணெண்ணெய் எங்கேயும் கிடைக்கலை. பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே இருக்கே, அதை ஊத்தினா என்னன்னு கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல ஒருத்தர் இருக்கார். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் அவர் பெயரை நீங்க நிச்சயம் எழுதியிருப்பீங்க. ஃபிளாஷ் பாயின்ட் கண்டுபிடிக்கும் ஏபெல் கருவி ஞாபகம் இருக்கா? அந்த ஏபெல்தான்.

ஃபிரடெரிக் ஏபெல் 1827-ல் லண்டன் பக்கத்து ஊல்விச்சில் பிறந்தார். ஹாஃப்மன் என்ற பெரிய வேதியியலாளரிடம் படித்தார். 1852-ல் ஊல்விச் ராணுவக் கல்லூரியில் ஃபாரடே வகித்த வேதியியல் ஆசிரியர் பதவி இவருக்கு வந்தது. அப்போது வயது சுமார் 25தான், நம்மைவிட நாலு வயசு கூட! பிறகு ராணுவத் துறையின் வேதியியலாளராகப் பல வருடம் இருந்தார்.

அவர் வேலையே வெடிமருந்துதான். வெடிபஞ்சு அப்போ தொழிற்சாலைகளில் தானாக வெடித்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. நாருக்குள் தங்கிவிடும் அமிலம்தான் பிரச்சினை. பஞ்சைக் கூழாக அரைத்து நன்றாகக் கழுவினால் அமிலம் போய்விடும் என்று ஏபெல் செய்து காட்டினார்.

அதே காலத்தில் வீடுகளிலும் விளக்குகள் வெடித்தன. கார் இல்லாத காலம், பெட்ரோல் மாதிரியான லேசான எண்ணெயை வாங்க ஆள் இல்லை. அதனால் வியாபாரிகள் அதை விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெயிலேயே கலந்து விற்றார்கள். இதைப் பிடிக்க ஏபெல் ஒரு சோதனை வகுத்தார். 1868-ல் பிரிட்டிஷ் சட்டமும் அதை ஏற்றது. ஆனால் அது திறந்த கிண்ணம். ஆவி காற்றோடு போய்விடும், சோதிக்கிற ஆளைப் பொறுத்து விடையும் மாறும். தன் சோதனை சட்டத்திலேயே ஏறிவிட்டது என்று அவர் சும்மா இருக்கவில்லை. மூடி போட்ட கிண்ணத்தோடு புதுக் கருவி செய்தார். 1879-ல் பழையதுக்குப் பதிலாக அதுவே சட்டத்தில் ஏறியது. எல்லை 73 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 23 டிகிரி செல்சியஸ்.

இந்தியாவின் 1934 பெட்ரோலியச் சட்டத்தைப் பாருங்க. மிக ஆபத்தான 'ஏ' வகைக்கு எல்லை அதே 23 டிகிரிதான்!

பிறகு டூவருடன் சேர்ந்து 1889-ல் கார்டைட் உருவாக்கினார். அதற்காக நோபல் போட்ட வழக்கு 1895-ல் நோபலுக்கு எதிராக முடிந்தது. ஏபெல் 1902-ல் இறந்தார். துப்பாக்கிக்கு மருந்து செய்த அதே கைதான் அடுப்படிக்கும் காவல் போட்டது. விசித்திரமான ஆள் இல்லையா?

இப்போ ஸ்டவ்வுக்கு வருவோம். மண்ணெண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட் நம்ம தரப்படி குறைந்தது 35 டிகிரி. பெட்ரோலுக்கோ சுமார் மைனஸ் 40. புதுச்சேரி வெயிலை விடுங்க, ஊட்டி குளிரில்கூட அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பம்பு ஸ்டவ்வில் பர்னர் சூடு டேங்குக்கும் இறங்கும், உள்ளே அழுத்தம் ஏறும். அணைக்கக் காற்றுத் திருகைத் திறந்தால் பெட்ரோல் ஆவி நேராக நெருப்பு மேல் பாயும். கொஞ்சம் கலந்தாலும் ஆபத்துதான், ஏபெல் பிடித்த கலப்படமே அதுதானே!

அதனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் மட்டும்தான். அணைத்து, நன்றாக ஆறிய பிறகே திரும்ப ஊத்துங்க.

ரூம்மேட்டின் ஸ்டவ் இப்போ அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கு. மண்ணெண்ணெய் கிடைக்கிற அன்னைக்குத்தான் டீ. நாங்க காத்திருக்கோம்.