ராக்கெட் விஞ்ஞானி கலாம் பெயரில் ஒரு ஸ்டென்ட்: ரத்தக் குழாய்க்குள் என்ன நடக்குது?

அப்துல் கலாம்னாலே ராக்கெட், அக்னி ஏவுகணை, குடியரசுத் தலைவர் மாளிகைதான் ஞாபகத்துக்கு வரும். இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கிற ஒரு சின்ன உலோகச் சுருளும் அவர் பெயரைத் தாங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர் கலாம். அப்பா ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தார்; பள்ளிவாசல் இமாமும் அவர்தான். தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக அவர் கட்டிய படகைப் புயல் அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஓடும் ரயிலில் இருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளை எடுத்து ஊருக்குள் விநியோகித்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி என்று படிப்பு நகர்ந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. அக்கா தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். பணம் இல்லாததால் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போவது எப்படி இருக்கும் என்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

1980ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வெற்றி பெற்றபோது திட்ட இயக்குநர் கலாம்தான். 1982ல் ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராகப் போனார். ஏவுகணைக்காக உருவான இலகு பொருளை வைத்து, போலியோ பாதித்த குழந்தைகளுக்கு எடை குறைந்த கால் தாங்கிகள் அங்கே செய்யப்பட்டன. 1990களில் இதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் கலாம்-ராஜு ஸ்டென்ட்.

சரி, ஸ்டென்ட் எதுக்கு?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு வந்தால், பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் வைப்பார்கள். அன்று இறக்குமதி ஸ்டென்ட்களின் விலை பல பத்தாயிரம் ரூபாய். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. அதை உள்நாட்டிலேயே குறைந்த விலையில் செய்ய முடியும் என்று இந்தக் கூட்டணி காட்டியது.

ஆனால் அடைப்பு என்பது வெறும் குழாய்ப் பிரச்சினை இல்லை. குழாயின் சுவரில் நடக்கும் அழற்சியும் அதற்குக் காரணம். மருந்து பூசாத ஸ்டென்ட் வைத்தவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்குச் சில மாதங்களிலேயே அதே இடம் மறுபடி சுருங்கியது. உலோகம் பட்ட காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. அதனால்தான் பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்தன.

மைக்ரோ ஆர்.என்.ஏ. இங்கே எங்க வருது?

நம் செல்களில் சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டி மூலக்கூறுகள் இவை. ஒரு புரதத்தைத் தயாரிக்கச் சொல்லி மரபணு அனுப்பும் செய்தியில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும். கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பித் தீயைக் குறைக்கிற மாதிரிதான். இதில் 126 என்ற எண் கொண்டது ரத்தக் குழாயின் உள்சுவரில் வேலை செய்கிறது. வெள்ளை அணுக்கள் சுவரில் ஒட்ட உதவும் ஒரு புரதத்தை அது அடக்குகிறது, அழற்சி மட்டுப்படுகிறது. எண் 21 வேறு ரகம். குழாய் காயப்படும்போது இது அதிகமாகி, சுவரின் தசை செல்களை வளரத் தூண்டுகிறது. குழாய் மறுபடி சுருங்க இதுவும் ஒரு காரணம்.

கலாமும் சோமராஜுவும் ஸ்டென்ட் வேலையில் இறங்கிய அதே 1990களில், 1993ல்தான் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு சிறு புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அடையாளம் காட்டினார்கள். அதற்கு 2024ல் நோபல் பரிசு கிடைத்தது.

கலாம் அதைப் பார்க்கவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார். ராமேஸ்வரம் பேக்கரும்பில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய், பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி.

ரத்தக் குழாய் அழற்சியை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கு. நாளைக்கு அது மருந்தாக வரும்போது, பாம்பன் மீனவர் ஒருவரால் வாங்க முடியுமா என்ற கேள்வியும் கூடவே வரும். ஸ்டென்ட் விஷயத்தில் கலாம் கையில் எடுத்ததும் அதே கேள்வியைத்தான்.