மலர்ப் பள்ளத்தாக்கின் யாத்திரிகர்: பிராங்க் ஸ்மைத்

பதரிநாத யாத்திரை சென்று வந்த நம் காலனி அன்பர்களைக் கேட்டால், ஜோசிமடம், விஷ்ணுப்பிரயாகை, பாண்டுகேசுவரம் என்று வழியிலுள்ள தலங்களை வரிசை பிறழாமல் சொல்வார்கள். ஜோசிமடத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று காட்டி, அதன் பெருமையையும் விரித்துரைப்பார்கள். ஆனால் விஷ்ணுப்பிரயாகையைக் கடந்து பாண்டுகேசுவரத்தை அடைவதற்கு முன், கோவிந்தகாட் என்னுமிடத்தில் வலப்புறமாக ஒரு சிற்றாறு வந்து அலகநந்தையில் கலக்கிறதே, அதன் கரையோடு ஒற்றையடிப் பாதை ஒன்று மேலேறிச் செல்கிறதே, அதில் திரும்பியவர்கள் நம்மில் மிகச் சிலரே. அப்பாதையின் முடிவில் இருப்பதுதான் மலர்ப் பள்ளத்தாக்கு. அப்பெயரை அதற்குச் சூட்டி உலகறியச் செய்த பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றை இம்மலரில் எழுத நேர்ந்தமை எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

ஸ்மைத் 1900-ம் ஆண்டு ஜூலை 6-ம் நாள் இங்கிலாந்தில் கெண்ட் மாநிலத்து மெய்ட்ஸ்டன் நகரில் பிறந்தார். சிறு குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்தார். போதாக்குறைக்கு, பிள்ளையின் இருதயத்தில் கோளாறு இருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லிவிட்டனர். ஓடக்கூடாது, பந்தாடக்கூடாது, மூச்சு வாங்கும் காரியம் எதையும் செய்யக்கூடாது என்பது கட்டளை. மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் ஆரவாரம் செய்துகொண்டிருக்க, இவர் ஓரமாய் நின்று பார்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை நாமும் அறிவோம். தாயின் கவலையே அவர்களுக்கு ஒரு வேலியாகிவிடுகிறது.

பெர்க்ஹாம்ஸ்டெட் பள்ளியில் படித்தார். படிப்பிலும் சோபிக்கவில்லை. அங்கே தலைமையாசிரியரின் மகன் ரேமண்ட் கிரீன் இவருக்குத் தோழர். அந்தக் கிரீன்தான் பிற்காலத்தில் வைத்தியராகி, இமயமலைக்கு இவருடனேயே வந்தவர். பள்ளி முடித்தபின் மின்சாரப் பொறியியல் பயின்றார். அத்தொழில் இவருக்கு ஒட்டவில்லை. விமானப் படையில் சேர்ந்தார். அங்கிருந்தும் உடல்நிலை காரணமாக அனுப்பிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுவதும் மாடிப்படி ஏறுவதானாலும் மெதுவாகவே ஏற வேண்டும் என்று புத்தி சொல்லி அனுப்பினார்களாம்.

புத்திமதியை ஸ்மைத் ஒரு வகையில் ஏற்றுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். மெதுவாக ஏறினார், ஆனால் மாடிப்படியை அன்று! 1927, 1928-ம் ஆண்டுகளில் கிரஹாம் பிரௌன் என்பவருடன் சேர்ந்து, ஐரோப்பாவின் மாண்ட் பிளாங்க் மலையின் பிரென்வா முகத்தில் அதுவரை யாரும் ஏறாத இரண்டு புதிய வழிகளைக் கண்டார். தாழ்ந்த இடத்தில் பலவீனராகக் காணப்பட்ட அவர், உயரம் ஏற ஏறத் தெம்பு பெறுகிறார் என்று உடன் சென்றவர்களே வியந்தனர். அவசரமின்றி, ஒரே சீராக, மூச்சின் அளவறிந்து அடி எடுத்து வைப்பதே அவருடைய முறை. நோயாளிப் பிள்ளையாகக் கற்ற பாடம் மலையில் பயன்பட்டது போலும்.

1930-ல் டைரன்ஃபர்த் என்பவரின் தலைமையில் கஞ்சன்ஜங்கா மலையை நாடிச் சென்ற பன்னாட்டுக் குழுவில் சேர்ந்து இமயத்தை முதன்முதலாகக் கண்டார். அங்கே பெரும் பனிச்சரிவு ஒன்று நேர்ந்து, சேத்தன் என்னும் ஷெர்பா உயிரிழந்தார். அதைக் கண்ணெதிரே கண்டவர் ஸ்மைத். அவ்வழி ஆபத்தானது என்று தாம் கருதியதைப் பின்னர் மறைக்காமல் எழுதினார். சுமை தூக்குபவனின் உயிருக்கும் கணக்கு உண்டு என்று எண்ணிய சிலருள் அவரும் ஒருவர்.

மறு ஆண்டு, 1931-ல், தாமே தலைமை ஏற்றுக் கார்வால் பிரதேசத்துக் காமெட் சிகரத்திற்குப் புறப்பட்டார். அதன் உயரம் 25,447 அடி. ரயில் காத்கோதாம் வரையில்தான். அன்றும் அதுவே தண்டவாளத்தின் கடைசி, இன்றும் அதுவே கடைசி. அங்கிருந்து ராணிகேத் சென்று, பின் கால்நடையாகக் குவாரிக் கணவாயைத் தாண்டி, ஜோசிமடம் வழியே தௌலி கங்கையின் பள்ளத்தாக்கில் ஏறினார்கள். ஜூன் 21-ம் நாள் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், ஷெர்பாத் தலைவர் லேவா ஆகியோர் உச்சியை அடைந்தனர். மனிதர் ஏறிய சிகரங்களுள் அதுவரை அதுவே மிக உயர்ந்தது. இரண்டு நாள் கழித்துச் சென்ற இரண்டாம் குழுவில் கேசர் சிங் என்னும் உள்ளூர்க் கார்வாலியும் இருந்தார். லேவாவின் பாதங்கள் பனியால் கெட்டுப் போயின. ஹோல்ட்ஸ்வொர்த்தோ உச்சியிலே அமர்ந்து நிதானமாகச் சுங்கான் புகைத்தாராம்!

இந்த ஹோல்ட்ஸ்வொர்த் தாவர இயலில் ஈடுபாடுள்ளவர். பிற்காலத்தில் டேராடூனிலுள்ள டூன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மலையிறங்கியபின் வந்த வழியே திரும்பாமல், கம்சாலி என்னும் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 16,700 அடி உயரமுள்ள பியூந்தார் கணவாயைக் கடந்து அலகநந்தையின் பக்கம் இறங்குவதென்று முடிவாயிற்று. பருவமழை தொடங்கிவிட்டது. கணவாயின்மேல் குளிர்காற்றும் ஈரப்பனியுமாகத் தொல்லை. மூடுபனியில் தட்டுத் தடுமாறி இறங்கியவர்கள், பனியாற்றின் விளிம்பைத் தாண்டியதும் திகைத்து நின்றுவிட்டார்கள். கால் வைக்க இடமில்லாமல் மலர்கள்! பிரிமுலா, அனிமோன், பொடெண்டில்லா என ஒன்றன்மேல் ஒன்றாகப் பூத்துக் கிடந்தன. காமெட் உச்சியிலிருந்து கண்ட காட்சியைவிட அந்த மழை நாளின் காட்சியே ஸ்மைத்தின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனமில்லை. ஸ்மைத் அப்பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடன்று. பியூந்தார் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே போய் வந்தவர்கள். அங்கே தேவகன்னியர் உலவுகிறார்கள், தனியே செல்வோரைக் கவர்ந்து சென்றுவிடுவார்கள் என்றெல்லாம் அவர்களிடையே கதைகள் உண்டு. அருகே உயரத்திலுள்ள லோக்பால் ஏரிக்கரையில் இலக்குவனுக்குக் கோயில் உண்டு. அந்த ஏரியே சீக்கியர் போற்றும் ஹேமகுண்டம். அங்கே பூக்கும் பிரம்மகமலத்தைப் பறித்து வந்து பதரிநாதனுக்குச் சாத்துவதும் நெடுநாளைய வழக்கம். ஆகவே ஸ்மைத் கண்டுபிடித்தது இடத்தையன்று. ஆங்கிலத்தில் ஒரு பெயரைத்தான் அதற்கு வைத்தார். ஆயினும், பார்த்த இடத்தை மறவாமல் மீண்டும் தேடி வந்து, ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தவர் அவரே என்னும் சிறப்பு அவருக்கு உரியது.

அதற்குமுன் எவரெஸ்ட் குறுக்கிட்டது. 1933-ல் தன்னந்தனியாக, பிராணவாயுப் பெட்டியின் துணையுமின்றி, ஏறத்தாழ 28,100 அடிவரை சென்றார். உடன்வந்த ஷிப்டன் உடல் நலமின்றிக் கீழேயே திரும்பிவிட்டார். ஆயினும் யாரோ ஒருவர் தம்முடன் கயிற்றில் பிணைந்து வருவதாகவே ஸ்மைத்துக்குத் தோன்றிற்றாம். தின்பதற்காக எடுத்த இனிப்புக் கட்டியைப் பாதியாக உடைத்து, அந்த இல்லாத தோழருக்குக் கொடுக்கத் திரும்பினார் என்றால், அந்த உயரத்தில் மனிதமனம் என்ன பாடுபடும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1936-ல் மறுபடியும் எவரெஸ்ட் சென்றார். பருவமழை முந்திக்கொண்டதால் காரியம் கைகூடவில்லை.

இதன்பின் 1937-ல் அவர் செய்ததைத்தான் நான் அவர் வாழ்வின் சிகரம் என்று கருதுகிறேன். பெருங்குழுவும் படாடோபமும் வேண்டாமென்று, வாங்டி நோர்பு முதலிய நான்கு ஷெர்பாக்களுடன், மீண்டும் ராணிகேத்திலிருந்து நடந்து பியூந்தார் பள்ளத்தாக்கை அடைந்து, கூடாரம் அடித்தார். கோடை முதல் மழைக்காலம் ஈறாக அப்பிரதேசத்திலேயே கழித்தார். பனி உருகிய ஈரம் காயுமுன்னே முளைக்கும் பூக்கள் ஜூனில். செந்நிறப் பொடெண்டில்லாவும், முட்கள் செறிந்த தண்டில் மெல்லிய பட்டுப்போல் விரியும் நீலக் கசகசா மலரும் ஜூலையில். ஆள் உயரம் வளரும் காசித்தும்பை ஆகஸ்டில். ஆம், நம் வீட்டு முற்றத்தில் பெண்கள் வளர்க்கும் காசித்தும்பையின் உறவுதான் அது. பள்ளத்தாக்கு முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். இவற்றையெல்லாம் பெயரிட்டு எழுதி, உலர்த்திப் பதம் செய்து, விதை முற்றும்வரை காத்திருந்து சேகரித்தார். மலையேறியாகப் புகழ் பெற்றவர் தோட்டக்காரர்போல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததைக் கண்டு ஷெர்பாக்கள் முதலில் வேடிக்கையாய் நினைத்தார்களாம். பிறகு அவர்களே புதிய பூக்களைத் தேடிக்கொண்டு வந்து கொடுக்கலானார்கள்.

மலையேற்றத்தையும் விட்டுவிடவில்லை. அங்குள்ள நீலகிரி பர்வதம் என்னும் 21,240 அடிச் சிகரத்தில் ஏறினார். நம் உதகமண்டலத்து நீலகிரியின் பெயரை அங்கே கேட்கும்போது தமிழர் எவருக்கும் ஒரு கணம் காது நிமிரும்! ஆகஸ்டில் மானா சிகரத்தின் உச்சியையும் தொட்டார். உடன்சென்ற ஆலிவர் சற்றுக் கீழே தங்கிவிட, கடைசிப் பகுதியில் ஸ்மைத் தனியாகவே ஏறினார்.

குழந்தைகள் விரும்பக்கூடிய நிகழ்ச்சி ஒன்றும் அப்பயணத்தில் நடந்தது. பனிவெளியில் பெரிய காலடித் தடங்கள் தென்பட்டன. பனிமனிதன் என்று ஷெர்பாக்கள் நடுநடுங்கினர். ஸ்மைத் அஞ்சவுமில்லை, எள்ளி நகையாடவுமில்லை. தடங்களை அளந்தார், புகைப்படம் எடுத்தார், அவை சென்ற வழியே பின்தொடர்ந்து பார்த்தார். அவற்றை ஆராய்ந்த நிபுணர்கள் கரடியின் தடங்களே என்று முடிவு கூறினர்.

1938-ல் அவருடைய மலர்ப் பள்ளத்தாக்கு நூல் வெளிவந்தது. அதன்பின் அந்த இடத்துக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. மறு ஆண்டு ஜோன் மார்கரெட் லெக் என்னும் ஆங்கில மாது மலர் சேகரிக்க அங்கே வந்து, 1939 ஜூலை 4-ம் நாள் பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து உயிர் நீத்தார். அவருடைய சமாதி பள்ளத்தாக்கின் உள்ளேயே இருக்கிறது. அவருடைய சகோதரி பின்னர் வந்து அங்கே நினைவுக்கல் நாட்டினார்.

யுத்த காலத்தில் ஸ்மைத் போர்வீரர்களுக்கு மலைப்பயிற்சி அளித்தார். யுத்தம் முடிந்ததும் கனடா மலைகளில் திரிந்தார். புத்தகங்கள் எழுதினார்; அழகிய புகைப்படத் தொகுப்புகளும் வெளியிட்டார். 1949-ல் மறுபடியும் இந்தியா வந்தார். இம்முறை இமயம் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. டார்ஜீலிங்கில் ஓவியர் ஒருவரின் நிலையத்துக்குச் சென்றபோது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட எழுதுகோலை எடுத்தவர், தம் பெயரையே நினைவுகூர முடியாமல் தவித்தார். மே மாதத்தை டிசம்பர் என்றார். பின்பு வெறும் சாலையிலே நடக்கையில், மலைமேல் இருப்பதாக எண்ணித் தம் பனிக்கோடரியைத் தருமாறு கேட்டாராம். உடனிருந்து இதைக் கண்டவர் டென்சிங். நான்கு ஆண்டு கழித்து எவரெஸ்ட் உச்சியில் நின்ற அதே டென்சிங்தான். மலேரியா ஸ்மைத்தின் மூளையைத் தாக்கியிருந்தது. விமானத்தில் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றும் பயனில்லை. ஜூன் 27-ம் நாள் காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறையப் பத்து நாள் கூட இல்லை. இருதயம் தாங்காது என்று எல்லோரும் அஞ்சிய மனிதரைக் கடைசியில் கொண்டுபோனது ஒரு கொசு!

பள்ளத்தாக்கின் கதை அதன்பிறகும் தொடர்கிறது. 1982-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆடு மேய்த்தலும் தடைசெய்யப்பட்டது. பூக்களைக் காக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதன்பின் அமேலா என்று உள்ளூரார் சொல்லும் முரட்டுச் செடி புதராய் மண்டி, சிறு பூச்செடிகளை நெருக்கத் தொடங்கிற்று. ஆடுகள் மேய்ந்தும் மிதித்தும் அதனை அடக்கி வைத்திருந்தன என்று சிலரும், அதுவன்று காரணம் என்று சிலரும் வாதிடுகின்றனர். வனத்துறையார் ஆண்டுதோறும் ஆள்விட்டு அதனைப் பிடுங்கி வருகிறார்கள். மேய்ச்சல் நிலத்தை இழந்த மேய்ப்பர்களை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2013-ம் ஆண்டு ஜூன் வெள்ளத்தில் கோவிந்தகாட் பாதை அடித்துச் செல்லப்பட்டது; பியூந்தார் கிராமமும் பெருஞ்சேதமுற்றது. பாதையைப் பின்னர் மீண்டும் அமைத்தார்கள்.

இப்போது அக்கிராமத்தாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். ஜூன் முதல் அக்டோபர் முடிய உள்ளே செல்லலாம். கோவிந்தகாட்டிலிருந்து புல்னா வரை வண்டி போகும். அங்கிருந்து காங்கரியா சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். இரவு தங்குவது அங்கேதான். மறுநாள் விடியலில் சீட்டு வாங்கிக்கொண்டு புஷ்பாவதி நதியைப் பாலத்தின் வழியே கடந்து, பூர்ஜ மரக் காட்டினூடே ஏறினால் பள்ளத்தாக்கு திறக்கிறது. உள்ளே கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பூ பறித்தலும் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டு செல்லட்டும். குடையோ மழைச்சட்டையோ எல்லாருக்கும் அவசியம். வழிகாட்டியாக வரும் பையனிடம் செடிகளின் உள்ளூர்ப் பெயர்களைக் கேளுங்கள். ஸ்மைத்தின் நூலில் இல்லாத பெயர்கள் பல அவனுக்குத் தெரியும்.