நெல் கட்ட மறுத்த பூலித்தேவர்

நம்ம ஊர் கோலா குபு பாருவில் 'குபு' என்றால் என்ன? மலாய் மொழியில் அரண், கோட்டை. வெள்ளத்தில் அடிபட்ட பழைய கோலா குபுவை விட்டு மேட்டுக்கு மாறிய புது ஊர் என்பதால் 'பாரு' சேர்ந்தது. கோலா சிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குப் போனால் பீரங்கி மேல ஏறிப் படம் எடுக்காமல் நாம் திரும்புவதில்லை. இந்த முறை நான் எழுத வந்தது அந்த மாதிரி பீரங்கிகளுக்கு எதிரில், ஒரு மண்கோட்டைக்குள் நின்ற மனிதரைப் பற்றி.

காத்தப்ப பூலித்தேவர் 1715-ல் பிறந்தார். ஊர், சங்கரன்கோவில் பக்கம் நெற்கட்டும்செவல். அப்பா சித்திரபுத்திரத் தேவர், அம்மா சிவஞான நாச்சியார். மதுரை நாயக்கர் காலத்தில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையக்காரர் தன் ஊரைக் காவல் காப்பார், வரி வாங்குவார், மேலே ஒரு பங்கு கட்டுவார், போர் வந்தால் ஆள் அனுப்புவார். படை அவருடையது. இதுதான் முக்கியம்.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. டில்லியிலும் நிலைமை சரியில்லை. 1707-ல் ஔரங்கசீப் இறந்தபின் முகலாயப் பேரரசு ஆட்டம் கண்டது. 1739-ல் நாதிர் ஷா வந்து தலைநகரையே சூறையாடிவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பேரரசின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆற்காட்டு நவாப் முகமது அலி தெற்கே வரி கேட்டார். கையில் காசு இல்லை, கம்பெனியிடம் கடன். கடனை அடைக்க வரி வேண்டும், வரி வாங்க கம்பெனியின் படை வேண்டும், அந்தப் படைக்குச் செலவழிக்க மறுபடியும் கடன். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டது திருநெல்வேலிச் சீமை. சீருடை போட்டு, ஒரே கட்டளைக்கு அடி எடுத்து வைக்கும் சிப்பாய்ப் படை அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. பாளையக்காரரின் ஆள்படை இனித் தேவையில்லை, வரியை மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் அதன் அர்த்தம்.

1755-ல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் படையோடு வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் நின்று 20,000 ரூபாய் கேட்டார்கள். வந்தவர்களிடம் சுவரை உடைக்கும் அளவுக்குப் பீரங்கியும் குண்டும் இல்லை என்று பூலித்தேவருக்குத் தெரியும். ஒரு காசு கொடுக்கவில்லை. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். வழியில் மதுரைக்கு அருகே ஒரு கோவிலின் சிலைகளை அவர் படை எடுத்துப் போனதால், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துப் புரட்டி எடுத்தார்கள். கடைசியில் கம்பெனியே அவரை விசாரித்து வேலையை விட்டுத் தூக்கியது. நெல் கட்டாததால்தான் ஊருக்கு நெற்கட்டான்செவல் என்று பெயர் வந்ததாகவும் ஊர் மக்கள் சொல்வார்கள்.

பூலித்தேவர் செய்த பெரிய வேலை மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தது. திருவிதாங்கூரும் முதலில் உதவியது. ஆனால் கிழக்குப் பாளையங்கள் வரவில்லை. எட்டயபுரம் எதிர்ப்பக்கம். வீரபாண்டிய கட்டபொம்மனின் முன்னோர் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியும் அப்போது எதிர்ப்பக்கம்தான்! சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கசக்கும். வேடிக்கை என்னவென்றால், சண்டை போட வந்த மாபூஸ் கானே பிறகு தம்பியோடு கோபித்துக்கொண்டு பூலித்தேவர் பக்கம் வந்து சேர்ந்தார்.

அடுத்து வந்தவர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர். தமிழ் மண்ணில் பிறந்து கம்பெனிப் படையில் வளர்ந்தவர், சிப்பாய்களைப் பழக்குவதில் கெட்டிக்காரர். 1759-ல் களக்காட்டைக் கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படியும் வாசுதேவநல்லூர் கோட்டை அந்த முறை விழவில்லை.

இந்தக் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நான் படிப்பது சிவில். சுவர் கருங்கல் இல்லை, வைக்கோல் கலந்த களிமண். எங்கள் லேபில் கான்கிரீட் கட்டியை அழுத்தினால் ஒரு கட்டத்தில் படீரென்று உடையும். மண்சுவர் அப்படி இல்லை. குண்டு உள்ளே போய்ப் புதையும், ஓட்டை விழும், பக்கத்துச் சுவர் அப்படியே நிற்கும். விழுந்த ஓட்டையை வைக்கோலும் பனை மட்டையும் வைத்து உள்ளே இருப்பவர்கள் அடைத்துவிடுவார்கள். யாரும் பட்டம் வாங்காமல் கட்டிய சுவர்!

உள்ளே நின்றவர்கள் யார் என்பதும் முக்கியம். ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் ஒடுக்கப்பட்ட சமூகங்களில் பிறந்த தளபதிகள். வயிற்றில் வெட்டுப்பட்டும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வெண்ணிக்காலாடி போரிட்டார் என்று மக்கள் கதை சொல்கிறது. இன்றைக்கு இந்த மூவரையும் ஆளுக்கொரு சாதிக் கொடியில் தனித்தனியாக அச்சடிக்கிறோம். எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அவர்கள் நின்றது ஒரே சுவருக்குப் பின்னால்.

1761 மே மாதம் யூசுப் கான் பெரிய பீரங்கிகளோடு வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். பூலித்தேவர் ராமநாதபுரம் பக்கம் ஒதுங்கினார். யூசுப் கானுக்கு என்ன கிடைத்தது? மதுரையை நவாபுக்கு அடங்காமல் தானே ஆள நினைத்தார். அவர் உருவாக்கிய அதே மாதிரிப் படை அவரையே முற்றுகையிட்டது. 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அதற்குப் பின் பூலித்தேவர் திரும்பி வந்தார். ஐம்பது வயதைத் தொட்டவர், மறுபடி கோட்டையைப் பலப்படுத்தினார். 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். ஓட்டை விழ விழ உள்ளே இருந்தவர்கள் அடைத்தார்கள், அடைத்தவர் விழுந்தால் அடுத்தவர் வந்தார். அந்தத் துணிச்சலைக் கேம்பலே வியந்து எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் பெருமழை பெய்த இரவில் எஞ்சியவர்கள் வெளியேறி மலைப்பக்கம் மறைந்தார்கள்.

பூலித்தேவரின் முடிவை ஊர் மக்கள் இப்படிச் சொல்கிறார்கள். பிடிபட்டவர், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டு உள்ளே போனார். கைவிலங்கு அறுந்து கிடந்தது, ஆளைக் காணவில்லை. அந்தக் கோவிலில் பூலித்தேவர் அறை என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.